அற்புதங்களை விஞ்ஞானமென விற்போர்

"மனித அங்கங்களை அச்சிடும் காலம் பிறந்துவிட்டது" என்ற செய்தியைப் பத்திரிகைகள் அடிக்கடி தாங்கி வருகின்றன. இன்று காது, நாளை சிறுநீரகம், மறுநாள் இதயம் என்று தலைப்பெழுத்துகளின் பருமனும் கூடிக்கொண்டே போகிறது. இச்செய்திகளைப் படிக்கும் எமது ஆசிரிய நண்பர்களுள் ஒரு சாரார், விஞ்ஞானம் மரணத்தையே வென்றுவிட்டதாகப் பூரிப்படைகின்றனர். மற்றொரு சாரார், படைத்தவனின் தொழிலில் மனிதன் கைவைத்துவிட்டான் என்று அங்கலாய்க்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினும், செய்தி கூறியதை அப்படியே நம்பிவிடுவதில் ஒற்றுமைப்பட்டே நிற்கின்றனர். நாம் இவ்விரு சாராரோடும் உடன்படவில்லை.

நாம் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவர்கள். இயற்கையின் குருட்டு வலிமைக்கு மனிதன் அடிபணிந்து கிடந்த நாள்களைப் பொற்காலமென்று போற்றும் பழமைவாதம் எமக்கு உடன்பாடானதன்று. ஆயின், விஞ்ஞானத்தை நேசிப்பவனே அதன் பெயரால் நடைபெறும் மோசடியை முதலில் எதிர்க்கக் கடமைப்பட்டவன். அக்கடமையைப் பகைவரிடம் விட்டுவிட்டால், அவர்கள் மோசடியோடு சேர்த்து விஞ்ஞானத்தையும் குப்பையில் எறிந்துவிடுவார்கள். அதனாற்றான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். நோயாளியின் உடலிலிருந்து சிறிதளவு இழையத்தை எடுத்து, அதிலுள்ள கலங்களை ஆய்வுகூடத்தில் பெருகச் செய்கின்றனர். கலங்கள் தாமாக ஓர் அங்கத்தின் வடிவில் நிற்கமாட்டா. கட்டடம் எழுப்புவோர் முதலிற் சாரக்கட்டுக் கட்டுவதுபோல, கலங்கள் பற்றிப் படர்வதற்கும் ஒரு சட்டகம் தேவைப்படுகிறது. அதனைச் செயற்கைப் பொருளாலோ உயிரினங்களிலிருந்து பெற்ற புரதத்தாலோ ஆக்குகின்றனர். அச்சியந்திரமானது மைக்குப் பதிலாகக் கலங்கள் கலந்த கூழைப் படைபடையாக இட்டு அவ்வடிவத்தை உருவாக்குகிறது. சாரக்கட்டுக் காலப்போக்கிற் கரைந்துபோக, கலங்கள் தாமே இழையமாகி நிற்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இம்முயற்சியை இகழ்வது அறியாமை. அமெரிக்காவில் மட்டும் மாற்று அங்கத்துக்காகக் காத்திருப்போர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர். வறிய நாடுகளிலே சிறுநீரகத்தை விற்றுக் கடன் தீர்க்கும் மனிதர்கள் உள்ளவரை, அங்கங்களை ஆய்வுகூடத்தில் ஆக்க முனைவது மனிதாபிமானம் மிக்க முயற்சியேயாகும். அம்முயற்சி வெறுங்கனவுமன்று. மனிதத் தோலின் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் முறையை ஹவாட் கிறீனும் அவருடைய மாணவர் ஒருவரும் 1975ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எட்டு ஆண்டுகளின் பின்னர், 1983இல், உடலின் பெரும்பகுதி எரிந்துபோன இரு சிறுவர்களுக்கு, அவர்களுடைய தோலின் எஞ்சிய சிறு துண்டுகளிலிருந்தே வளர்த்தெடுக்கப்பட்ட தோற்படலங்கள் பொஸ்ரன் நகரில் போர்த்தப்பட்டன. சாவின் வாயிலிலிருந்து அவ்விருவரும் மீண்டனர். இதனை அற்புதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது அற்புதமன்று. பல்லாண்டுகாலப் பொறுமையின் விளைவு.

இன்னொரு உதாரணத்தையும் கூறவேண்டும். 2006ஆம் ஆண்டில், கலங்களைச் சாரக்கட்டில் வளர்த்துச் செய்த சிறுநீர்ப்பையை ஏழு இளம் நோயாளருக்குப் பொருத்தியதாக அன்தனி அற்றாலா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் அறிவித்தனர். உலகம் ஆர்ப்பரித்தது. பின்னர் அதே வழியில் பத்துச் சிறுவர்களிடம் ஒழுங்கான சோதனை நடத்தப்பட்டபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை, தீங்குகளும் நேர்ந்தன. அத்தோல்வி 2014இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. வெற்றிச் செய்தியை முன்பக்கத்தில் இட்ட பத்திரிகைகளுள் எத்தனை தோல்விச் செய்திக்கு ஒரு மூலையையாவது ஒதுக்கின? ஆயினும் எம்மைப் பொறுத்தவரை, விஞ்ஞானத்தின் மானம் முதலாவது அறிவிப்பிலும் பார்க்க இரண்டாவதிலேயே அதிகமாகத் துலங்குகிறது.

தடை எங்கே இருக்கிறது? இரத்தத்தில் இருக்கிறது. உடலிலுள்ள ஒவ்வொரு கலமும் ஒட்சிசனைப் பெறுவதற்கு ஒரு மயிர்க்குழாயின் அருகில் இருந்தாகவேண்டும். அத்தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் அதன் இருமடங்கு. மெல்லிய தோற்படலம் புண்ணின் மேல் ஒட்டி, கீழேயுள்ள உடலிலிருந்து உணவைப் பெற்றுக்கொள்ளும். தடித்த ஓர் ஈரலோ சிறுநீரகமோ அவ்வாறு உயிர்வாழ முடியாது. உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்களின் வலைப்பின்னல் அமையாவிடின், அச்சிட்ட அன்றே அது உள்ளிருந்து சாகத் தொடங்கும். வடிவத்தை அச்சிடுவது எளிது. வாழ்வை அச்சிடுவதே அரிது.

இந்த வேறுபாட்டை மறைப்பதிற்றான் வியாபாரம் தங்கியிருக்கிறது. 1997இல், முதுகில் மனிதக் காது முளைத்ததுபோன்ற தோற்றமுடைய ஒரு வெள்ளெலியின் படம் உலகமெங்கும் பரவியது. அது மனிதக் காதன்று. காது வடிவிலான செயற்கைச் சாரக்கட்டில் பசுவின் கசியிழையக் கலங்களை இட்டு, அதனை எலியின் தோலுக்கடியிற் பதித்திருந்தனர். வேடிக்கை என்னவெனில், விஞ்ஞானத்தை அஞ்சுவோரும் இப்படத்தையே பயன்படுத்தினர். பரம்பரை அலகுகளை மாற்றிய அசுரப் பிராணி இது என்று 1999இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வெளியாயிற்று. எலியின் பரம்பரை அலகு ஒன்றேனும் மாற்றப்பட்டிருக்கவில்லை. பூசிப்பவனும் தூற்றுபவனும் ஒரே படத்தால் ஏமாந்தனர்.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மேலே கூறிய அற்றாலா ஒரு பகிரங்க மேடையில் அச்சியந்திரம் ஆக்கிய சிறுநீரக வடிவமொன்றைக் கையிலேந்திக் காட்டினார். தொழிற்படாத ஒரு தொடக்க மாதிரியே அது. செய்திகளிலோ சிறுநீரகமே அச்சாகிவிட்டது. 2019இல் தெல்அவிவ் நகரில் முயலின் இதயத்தளவு கொண்ட ஓர் இதயம் அச்சிடப்பட்டது. அதன் கலங்கள் சுருங்கின. ஆயினும் அவ்விதயம் இரத்தத்தை இறைக்கவில்லை. அச்சிட்ட ஈரல் இழையம் பற்றிய வாக்குறுதிகளோடு 2012இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இறங்கிய ஓர்கனோவோ என்ற கம்பனி, 2019இல் அவ்வீரல் திட்டத்தை நிறுத்தியது. இவற்றில் எவரும் உயிரிழக்கவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், நம்பிக்கையைச் சரக்காக்கி விற்கும் பழக்கம் ஆய்வுகூடத்து மேசையோடு நின்றுவிடுவதில்லை. அது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்தபோது நிகழ்ந்ததைக் காண நாம் சுவீடனுக்குச் செல்லவேண்டும்.

சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம் உலகப் புகழ்வாய்ந்தது. மருத்துவத்துக்கான நொபெல் பரிசு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவர்கள் அதன் பேராசிரியர்களே. 2010ஆம் ஆண்டில் பாவுலோ மக்கியாரினி என்ற இத்தாலியச் சத்திரசிகிச்சை நிபுணரை அது வருகைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவரைப்பற்றி முன்னர் பணியாற்றிய இடங்களிலிருந்து கிடைத்த பாதகமான கருத்துகள் பொருட்படுத்தப்படவில்லை. உலகின் முதலிடம் தேவைப்பட்டது. அதைப் பெற்றுத்தரும் மனிதன் கிடைத்துவிட்டான்!

2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கரோலின்ஸ்கா பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஒரு நோயாளிக்குப் பிளாஸ்டிக்கினாலான மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டது. அவருடைய மூச்சுக்குழாயின் அளவுக்கேற்ப அச்சாரக்கட்டு இலண்டனில் ஆக்கப்பட்டிருந்தது. அவருடைய என்பு மச்சையிலிருந்து எடுத்த கலங்களை அதன்மேல் இட்டு, சுமார் ஒன்றரை நாள் ஒரு கருவியினுள் சுழலவிட்டு, பின்னர் உடலினுள் வைத்துத் தைத்தனர். கலங்கள் பிளாஸ்டிக்கின்மேல் படர்ந்து, உயிருள்ள மூச்சுக்குழாயாகவே மாறிவிடும் என்று கூறப்பட்டது.

எவ்வாறு மாறும்? மூச்சுக்குழாய் வெறும் நீர்க்குழாயன்று. அதன் உட்சுவரிலுள்ள நுண்ணிய பிசிர்கள் ஓயாது அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளுகின்றன. அதனைச் சூழ்ந்த இரத்தக் குழாய்கள் அதற்கு உயிரூட்டுகின்றன. பிளாஸ்டிக் குழாய்க்கு இரத்தம் எங்கிருந்து வரும்? ஒன்றரை நாளில் இட்ட மச்சைக் கலங்கள் எந்த மந்திரத்தினால் பிசிர்களாக மாறும்? இக்கேள்விகளை முதலிற் கேட்கவேண்டிய இடம் விலங்குப் பரிசோதனைக் கூடம். அத்தகைய பரிசோதனை முன்னதாக நடத்தப்படவில்லை. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் பெறப்படவில்லை. உயிர்காக்கும் அவசர சிகிச்சை என்ற சொல்லே எல்லா அனுமதிகளுக்கும் பதிலாக நின்றது.

அந்நோயாளி யார்? ஐஸ்லாந்தில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த எரித்திரிய நாட்டு மாணவர். இரண்டாமவர் ஓர் அமெரிக்கர். 2011இன் இறுதியில் சிகிச்சை பெற்று, அடுத்த ஆண்டின் முற்பகுதியிலேயே மாண்டார். மூன்றாமவர் துருக்கியிலிருந்து வந்த இளம்பெண். கைகள் அளவுக்கு மீறி வியர்ப்பதை நீக்க அவருடைய சொந்த நாட்டிற் செய்த ஒரு சத்திரசிகிச்சையின்போது அவரது மூச்சுக்குழாய் சேதமடைந்திருந்தது. 2012இல் அவருக்குப் பொருத்திய பிளாஸ்டிக் குழாய் பயன்படாது போக, மறு ஆண்டில் இன்னொன்று பொருத்தப்பட்டது. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை சளியை அகற்றாவிடின் மூச்சுத் திணறிவிடும் நிலையில், எண்ணற்ற சிகிச்சைகளுக்கு உட்பட்டு, 2017இல் அவர் இறந்தார். முதலாமவரான மாணவரோ 2014 ஜனவரியில் மறைந்திருந்தார். மூவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை; மூவரில் ஒருவர்கூடச் சுவீடன் நாட்டவரல்லர் என்பதையும் வாசகர் கவனிக்கவேண்டும்.

ஆனால், இவர்கள் மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது காகிதத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. முதலாவது சிகிச்சை பற்றி 2011 நவம்பரில் புகழ்பெற்ற 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, ஐந்து மாதங்களில் குழாய் நன்கு பொருந்தி வருவதாக உலகுக்கு அறிவித்தது. அக்கட்டுரையைக் காட்டியே மேலும் நோயாளர்கள் தேடப்பட்டனர். ரஷ்யாவின் கிரஸ்னதார் நகரிலும், அரச மானியத்தின் துணையோடு, 2012 முதல் இதே சிகிச்சை நடத்தப்பட்டது. அங்கு முதலிற் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர், விபத்தொன்றினால் கழுத்திற் துளையிட்டு மூச்சுவிட நேர்ந்த ஓர் இளம் தாய். அவர் சாவின் விளிம்பில் இருக்கவில்லை. 2014இல் அவரும் இறந்தார்.

கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் இந்நோயாளரைப் பராமரித்த நான்கு மருத்துவர்களுக்கு ஐயம் பிறந்தது. அவர்கள் மருத்துவக் குறிப்பேடுகளை எடுத்து, இதழ்களில் அச்சான வாக்கியங்களோடு ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தவில்லை. 2014இல் பல்கலைக்கழக நிர்வாகத்திடம் எழுத்துமூலம் முறையிட்டனர். இவர்களிற் சிலருடைய பெயர்களும் அக்கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. தமது பெயர் பொறித்த பொய்யைத் தாமே எடுத்துக்காட்டுவதற்கு, பிறருடைய பொய்யைக் காட்டுவதிலும் அதிகமான நெஞ்சுரம் வேண்டும்.

அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? நோயாளரின் குறிப்பேடுகளை உரிமையின்றிப் பார்த்தனர் என்று அவர்கள்மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. பல்கலைக்கழகமே நியமித்த வெளியாளரான பேராசிரியர் பெங்ற் யெர்டின், ஆவணங்களை ஆராய்ந்து, விஞ்ஞான ஒழுக்கக்கேடு நிகழ்ந்துள்ளதென 2015 மே மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்தார். மூன்று மாதங்களின் பின், துணைவேந்தர் அன்டர்ஸ் ஹம்ஸ்ரன் அவ்வறிக்கையை ஒதுக்கிவிட்டு, மக்கியாரினி ஒழுக்கக்கேட்டுக் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பளித்தார். அதே 2015இற்றான், சேதமுற்ற இழையங்களைச் செப்பனிடும் மருத்துவத்துக்கென ஹொங்கொங் நகரில் ஓர் ஆய்வு மையம் அமைப்பதற்கு ஐந்து கோடி அமெரிக்க டொலர் நன்கொடையையும் அப்பல்கலைக்கழகம் பெற்றது. தீர்ப்புக்கும் நன்கொடைக்கும் தொடர்பு உண்டென்று நாம் கூறவரவில்லை. நட்சத்திரம் ஒளிவிட்டுக்கொண்டிருக்க வேண்டிய தேவை ஒரு ஸ்தாபனத்துக்கு எவ்வளவு இருந்தது என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

உண்மையைப் பல்கலைக்கழகம் வெளியிடவில்லை; தொலைக்காட்சி வெளியிட்டது. 2016 ஜனவரியில் போஸ்ஸே லிண்ட்குவிஸ்ட் என்ற பத்திரிகையாளரின் விவரணப்படம் சுவீடன் அரச தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாகக் காட்டப்பட்டது. நோயாளர் படும் வேதனையை நாடே கண்டது. அதன்பின்னரே பீடங்கள் ஆட்டங்கண்டன. பெப்ரவரியில் துணைவேந்தர் பதவி துறந்தார். நொபெல் தெரிவுக் குழுவின் செயலாளரும் விலகினார். மார்ச்சில் மக்கியாரினி நீக்கப்பட்டார். செப்டெம்பரில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு முழுவதையும் அரசாங்கம் கலைத்தது. 'லான்செற்' தனது கட்டுரைகளை 2018இலேயே மீளப்பெற்றது. அவ்வாண்டில் பல்கலைக்கழகம் வழங்கிய புதிய தீர்ப்பு மக்கியாரினியைக் குற்றவாளியாகக் கண்டது. அதே மூச்சில், முறையிட்ட மருத்துவர்களுள் ஒருவரையும் உடனாசிரியர் என்ற வகையிற் குற்றவாளியாக்கி, ஏனையோர்மீதும் பழி சுமத்தியது. நீதிமன்றங்களோ இன்னும் மெதுவாக நடந்தன. 2022இல் கீழ்நீதிமன்றம் ஒரு நோயாளி தொடர்பாக மட்டும், அதுவும் ஒத்திவைத்த தண்டனையுடன் குற்றங்கண்டது. 2023 ஜூன் மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவர்மீதும் பாரதூரமான தாக்குதல் நிகழ்ந்ததெனத் தீர்த்து, இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இங்கே மூன்று வாதங்கள் எம்முன் வைக்கப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"இது ஒரு தனிமனிதனின் வஞ்சகம், அவனைத் தண்டித்தாயிற்று, விடயம் முடிந்தது" என்பது முதலாவது வாதம். இதனை நாம் அடியோடு நிராகரிக்கிறோம். ஒரு மனிதன் தனியே சத்திரசிகிச்சை செய்யமுடியாது. மயக்கமருந்து கொடுப்போர், தாதியர், உதவி மருத்துவர், மேலதிகாரிகள் என ஒரு கூட்டமே சூழ நின்றது. கட்டுரைகளிற் பலர் கையெழுத்திட்டனர். இதழாசிரியர்கள் அச்சிட்டனர். வெளியே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியர் டெலேயர், இச்சிகிச்சை உயிரியலுக்கே முரணானது என்று தொடக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அவரது குரல் போட்டியாளனின் பொறாமையென ஒதுக்கப்பட்டது. பிளாஸ்டிக்கின்மேல் கலங்கள் படரவில்லை. ஆனால் புகழ், மானியம், தேசப் பெருமை என்ற சாரக்கட்டின்மேல் பொய் செழித்துப் படர்ந்தது. அச்சாரக்கட்டை அப்படியே நிற்கவிட்டு ஒரு மனிதனைச் சிறையிலடைப்பது, நாளை இன்னொருவன் ஏறுவதற்கு ஏணியை வைத்திருப்பதற்குச் சமம்.

"எப்படியும் சாகப்போகிறவர்களிடந்தானே முயன்றார்?" என்பது இரண்டாவது வாதம். முதலாவதாக, இது உண்மையன்று. அச்சிகிச்சையின்றியும் இவர்கள் கணிசமான காலம் வாழ்ந்திருக்கக்கூடும் என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. இரண்டாவதாக, உண்மையாகவே இருப்பினும் அது என்ன நியாயம்? நம்பிக்கையிழந்தவனின் உடல் எவருக்கும் உரித்தில்லாத புறம்போக்கு நிலமா? கடல்கடந்து, வேற்றுமொழி நாட்டில், உயிர்ப்பிச்சை கேட்டு நிற்கும் ஒருவனுடைய சம்மதம் எத்தகைய சம்மதம்? பட்டினி கிடப்பவன் எந்தக் கூலிக்கும் 'சுதந்திரமாக' இணங்குகிறான் என்று கூறும் முதலாளியின் தர்க்கத்துக்கும் இதற்கும் யாதொரு வேறுபாடும் இல்லை.

"முன்னேற்றத்துக்குப் பலிகள் தேவை" என்பது மூன்றாவது வாதம். இதுவே மூன்றிலும் ஆபத்தானது. ஏனெனில், இது எமது மொழியைப் பேசுகிறது. பலியென்று கூறுவோர், அப்பலியினால் எத்தகைய அறிவு பெறப்பட்டது என்று கணக்குக் காட்டவேண்டும். சில விலங்குகளிற் பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதை மூன்று மனிதரைக் கொன்று அறிந்துகொண்டோம். அறிந்ததையும் மறைத்தோம். தோல்வியை மறைக்குமிடத்தில் இரண்டாவது பலியும் மூன்றாவது பலியும் எதையும் கற்பிப்பதில்லை. எரிந்த சிறுவர்களுக்குத் தோல் வளர்த்த முன்னேற்றம் வேறு; இது வேறு.

இனி எமது அணியினரை நோக்கிச் சில சொற்கள். "தனியுடைமைச் சமுதாயத்தில் விஞ்ஞானம் இலாபத்தின் அடிமை, அரசுடைமையாக்கினால் எல்லாம் சீராகும்" என்று நாம் பன்முறை எழுதியுள்ளோம், மேடைகளிற் பேசியுள்ளோம். இலாபம் விஞ்ஞானத்தைச் சிதைக்கிறது என்பதில் எமக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் கரோலின்ஸ்கா ஒரு தனியார் கம்பனியன்று. அது அரச பல்கலைக்கழகம். சமூகநல அரசு என்று உலகோர் போற்றும் நாட்டில், மக்களின் வரிப்பணத்தில் இயங்குவது. அங்கேயே இது நிகழ்ந்தது. ஆகவே, உடைமை எவரிடம் என்ற கேள்வியோடு மற்றொரு கேள்வியையும் சேர்த்தாகவேண்டும்: உண்மையைக் கண்டவன் அதனைச் சொல்லும் உரிமை அங்கே இருந்ததா?

இதற்கு எமது சொந்த வரலாற்றிலேயே கசப்பான பாடம் உண்டு. சோவியத் நாட்டில் லைசென்கோ, பயிர்களின் இயல்பைத் தாம் விரும்பியவாறு மாற்றலாமென வாக்களித்தார். அறுவடை பெருகும் என்ற அற்புதம் ஆட்சிக்குத் தேவைப்பட்டது. மறுத்துப் பேசிய மாபெரும் தாவரவியலறிஞர் வவிலோவ் 1940இற் கைதாகி, 1943இல் சரத்தோவ் சிறையில் மாண்டார். 1948 ஆகஸ்டில் பரம்பரையியலே முதலாளித்துவப் பொய்யென்று விலக்கப்பட்டது. அங்கே பங்குச் சந்தை இருக்கவில்லை, இலாபமும் இருக்கவில்லை. ஆயினும் அற்புதத்தை விஞ்ஞானமென்று பிரகடனஞ் செய்து, ஐயுற்றவனை எதிரியாக்கும் வழக்கம் இருந்தது. வெளிநாடுகளிலிருந்த முற்போக்காளர் பலர் கைதட்டினர். ஹால்டேன் போன்ற மேதைகூட லைசென்கோவை முற்றாகக் கண்டிக்கத் தயங்கினார். எமது பிழையை நாமே கூறாவிடின், பிறர் பிழையைக் கூறும் தகுதி எமக்கில்லை.

மறுபுறத்தில், "பார்த்தீர்களா, மனிதன் இயற்கையோடு விளையாடியதன் பலன்!" என்று மகிழ்வோரிடமும் ஒரு வார்த்தை. மக்கியாரினியின் பொய்யை வெளிப்படுத்தியவர் எந்தச் சாத்திரியாருமல்லர், எந்த மடாதிபதியுமல்லர். குறிப்பேட்டையும் கட்டுரையையும் வரிக்கு வரி ஒப்பிட்ட மருத்துவர்களே அதனை வெளிப்படுத்தினர். அவர் தவறியது விஞ்ஞான முறையைப் பின்பற்றியதாலன்று, அதனைக் கைவிட்டதால். கைநீட்டிக் குணப்படுத்துவதாகக் கூறும் சாமியாரிடம் எவரும் பரிசோதனைக் குறிப்பேட்டைக் கேட்பதில்லை. கேட்கப்பட்டதனாலேயே இங்கே பொய் பிடிபட்டது.

நேர்வழி இல்லாமலுமில்லை. முன்னர் குறிப்பிட்ட டெலேயர், இறந்தவர் ஒருவரிடமிருந்து பெற்ற மூச்சுக்குழாயை நோயாளியின் முன்கையிலே பதித்து, அங்கே இரத்தக் குழாய்கள் அதனுள் வளரும்வரை மாதக்கணக்காகக் காத்திருந்து, அதன் பின்னரே கழுத்துக்கு மாற்றினார். அதன் விவரம் 2010இல் வெளியாகியது. அதில் மேடை வித்தை எதுவுமில்லை. இரத்தம் இல்லாமல் இழையம் வாழாது என்ற எளிய உண்மைக்கு அவர் பணிந்தார். இன்றும் பல ஆய்வுகூடங்களில், அச்சிட்ட இழையத்தினுள் மயிர்க்குழாய்களை வளர்ப்பது எவ்வாறு என்று பெயரறியாத பலர் பொறுமையோடு முயன்றுகொண்டிருக்கின்றனர். மனிதகுலத்தின் உண்மையான நம்பிக்கை அவர்களிடமே தங்கியிருக்கிறது. தலைப்புச் செய்தி அவர்களைத் தேடிப் போவதில்லை.

எனவே, வகுப்பறையில் நிற்கும் எமது ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. அங்கம் அச்சாகிவிட்டது என்ற செய்தியை மாணவர் கொண்டுவரும்போது, அதனைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சபிக்கவும் வேண்டாம். "எந்த விலங்கிற் பரிசோதித்தார்கள்? அதனுள் இரத்தம் எவ்வழியாற் செல்லும்? எத்தனை பேருக்குச் செய்தார்கள். அவர்களில் இன்று உயிரோடிருப்பவர் எத்தனை பேர்? தவறென்று ஓர் உதவியாளர் கூறினால் அவருடைய வேலை நிலைக்குமா?" என்று கேட்கப் பழக்குங்கள். ஆசிரியர் கூறியதையும் அவ்வாறே கேட்கட்டும். கேள்வி கேட்ட மாணவனை வாங்கில் ஏற்றி நிறுத்தும் வகுப்பறையிலிருந்து நாளை எத்தகைய விஞ்ஞானி வருவான்? மேலதிகாரி தலையசைக்கச் சொல்லும்போது தலையசைப்பவனே வருவான்.

ஸ்டொக்ஹோமில் மூன்று மனிதர் மூச்சுக்காகப் போராடினர். அவர்களுக்கு மறுக்கப்பட்டது மூச்சு மட்டுமன்று. அவர்களுடைய துன்பம் உண்மையாகப் பதிவு செய்யப்படும் உரிமையும் மறுக்கப்பட்டது. அவ்வுரிமையை நான்கு மருத்துவர்கள் தமது வாழ்க்கைத் தொழிலையே பணயம் வைத்து மீட்டனர். விஞ்ஞானத்துக்கு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்புவோர், அச்சியந்திரத்துக்கு எழுப்பவேண்டாம். குறிப்பேட்டைத் திறந்து, "இதில் எழுதியிருப்பது நடந்ததன்று" என்று சொல்லிய அந்தக் குரலுக்கு எழுப்பட்டும்.